மாமனார் இயந்திரம் அல்ல

அலுவலகத்தில் அவனுக்குப் பூலியன் என்று பெயர் வைத்திருந்தார்கள். புரோகிராம் எழுதுகிறவர்களுக்குப் பூலியன் என்பது ஒரு தரவு வகை. ஆம், இல்லை. இந்த இரண்டைத் தவிர வேறு எதுவும் அதற்குள் நுழையாது. மனைவி இறந்து, விடுப்பு முடிந்து, வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து அவனும் அப்படித்தான் ஆகிவிட்டான். சாப்பிட்டாயா என்றால் ஆமா. டீ வேண்டுமா என்றால் இல்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்டவர்கள் மட்டும் பதில் கிடைக்காமல் நின்றார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயரை ஒருநாள் யாரோ முகத்துக்கு நேராகவே சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். அவன் திரும்பிப் பார்த்தான். அதோடு பெயர் நிலைத்துவிட்டது.

அவனுடைய கம்பெனி, பிற நிறுவனங்களுக்காக அவற்றின் வாடிக்கையாளர்களைப் போனில் கூப்பிட்டுக் கொடுக்கும் கம்பெனி. எண்களைச் சுழற்றுவது மனிதர்கள் அல்ல, யாரும் கண்ணால் பார்த்திராத கிளவுடில் ஓடும் ஒரு புரோகிராம். அது ஒரே மூச்சில் பல வீடுகளைக் கூப்பிடும். யாராவது எடுத்துப் பேசினால், ஹெட்போனோடு காத்திருக்கும் பெண்களில் ஒருத்திக்கு இணைத்துவிடும்.

இப்படி ஒரு அழைப்புத் தொடரை உருவாக்குவதுதான் அவன் வேலை. வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். தொடரின் பெயர் என்ற பெட்டியில் எழுத்து மட்டும் போகும். எத்தனை முறை முயல வேண்டும் என்ற பெட்டியில் எண் மட்டும் போகும். எப்போதிலிருந்து எப்போது வரை கூப்பிடலாம் என்பதில் நேரம் மட்டும் போகும். ஒன்றுக்குரியதை இன்னொன்றில் போட்டால் புரோகிராம் முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பிவிடும். அவனுக்கு அது பிடித்திருந்தது. உலகத்தில் எங்கேயாவது ஓரிடத்தில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதே.

அந்த வாரம் கண் ஆஸ்பத்திரி ஒன்றின் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. கண்புரை ஆபரேஷனுக்குப் பதிந்து காத்திருப்பவர்களைக் கூப்பிட்டு, வருகிறீர்களா என்று கேட்டுத் தேதி கொடுக்க வேண்டும். இடங்கள் அளவாகத்தான் இருந்தன. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் முந்திக்கொண்டு வருகிறேன் என்று சொன்னவர்களுக்கு அடுத்த வாரமே ஆபரேஷன். சொல்லாதவர்களின் இடம் அடுத்தவர்களுக்குப் போய்விடும். பிறகு மழைக்காலம் முடிந்துதான்.

பதிந்து காத்திருந்தவர்களில் அவனுடைய மாமனாரும் ஒருவர்.

மகள் போனபின் பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பையோடு வந்தவர். போகவில்லை. போங்கள் என்று அவன் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. மாமியார் எப்போதோ காலமாகிவிட்டார். இரண்டு ஆண்கள், ஒரு வீடு, ஒரு குக்கர். வலது கண்ணில் ஆபரேஷன் முன்பே ஆகிவிட்டது, அதில்தான் ஏதோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். இடது கண் முழுக்க மூட்டம். அந்தப் பக்கத்திலிருந்து யாராவது வந்தால் கடைசி நிமிடத்தில்தான் தெரியும். முந்தின வாரம் தெருவில் ஒரு சைக்கிள்காரன் அவரை உரசிவிட்டுப் போனான். "கண்ணு தெரியலையா பெருசு" என்று அவன் கேட்டதற்கு இவர், "பாதி தெரியுது, நீ மீதியில வந்துட்டே" என்றாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். முழங்கையில் சிராய்ப்பு இருந்தது.

வியாழக்கிழமை காலை, தலைவி அவன் மேசைக்கு வந்து நின்றாள். குழுவின் மேலாளர் அவள். வயதில் மூத்தவள் என்பதால் நேரில் அக்கா, மற்றபடி தலைவி.

"பூலியன், இதைப் பாரு. முக்கால்வாசி வீட்டுல ஆன்சரிங் மெஷின் எடுத்திருக்குன்னு காட்டுது. நான் பொறந்ததுலேருந்து இந்த ஊர்ல யார் வீட்டுலயும் அதைப் பார்த்ததே இல்லையே. கண்ணு தெரியாதவங்க எல்லாரும் சேர்ந்து மொத்தமா வாங்கிட்டாங்களா?"

"இல்லை."

"அப்போ பெட்டியில ஏதாவது தப்பா?"

"இல்லை."

பக்கத்து நாற்காலியிலிருந்து சோதனைச்சாமி எட்டிப் பார்த்தான். புரோகிராமைச் சோதித்துப் பார்ப்பவன் அவன். "அக்கா, நானே எல்லாருக்கும் டெஸ்ட் கால் போட்டேன். உங்களுக்கும் போட்டேனே! எல்லாரையும் மனுஷன்னு கரெக்டாச் சொல்லிச்சு."

"என்னை மனுஷின்னு ஒத்துக்கிட்ட ஒரே ஆள் அதுதான்" என்று சொல்லிவிட்டுத் தலைவி போனாள்.

அவன் பெட்டிகளை மறுபடி பார்த்தான். எடுத்தது மனிதரா, ஆள் இல்லாத வீட்டில் பதில் சொல்லும் மெஷினின் பதிவுக் குரலா என்று கண்டுபிடிக்க வேண்டுமா என்பது ஒரு பூலியன் பெட்டி. ஆம் என்று போட்டிருந்தான். பதிவுக் குரல் என்று தெரிந்தால் புரோகிராம் போனை வைத்துவிடும், பெண்களின் நேரம் வீணாகாது. எல்லாத் தொடர்களுக்கும் அவன் போடுவது அதுதான். தப்பு எதுவும் கண்ணில் படவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனான். நடந்து போகிற தூரம்தான். மாமனார் ரசத்தைச் சூடு பண்ணி வைத்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை, இந்த ஊர்ல மரியாதைன்னு ஒண்ணு இருக்கா?"

அவன் தட்டை எடுத்தான்.

"எவனோ நேத்திலேருந்து போன் பண்றான். நான் எடுத்து மரியாதையா பேசறேன். பேசிட்டு இருக்கும்போதே வெச்சிடறான். நேத்து ஒரு தடவை, இன்னிக்குக் காலையில ஒரு தடவை. நான் என்ன அவன் சொத்தையா கேட்டேன்?"

"ராங் நம்பரா இருக்கும் மாமா."

"ராங் நம்பர்னா, ராங் நம்பர்னு சொல்லிட்டு வைக்கணும். அதுதானே முறை?"

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மாமனார் எழுந்து, சட்டையைச் சரி பண்ணிக்கொண்டு, ரிசீவரை எடுத்தார். ஓய்வு பெறும் வரை பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொன்னவர். குரல் அப்படியே இருந்தது.

"வணக்கம். இது என் பொண்ணு வீடு. மாப்பிள்ளை ஆபீஸ் போயிருப்பார், இப்போ சாப்பிட வந்திருக்கார். நான் அவரோட மாமனார் பேசறேன். நீங்க யாரு, எங்கேருந்து பேசறீங்க, என்ன விஷயம்னு சொன்னீங்கன்னா நான் ஞாபகமா அவர்கிட்ட சொல்லி..."

நிறுத்தினார். ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். "பாருங்க. வெச்சிட்டான்."

என் பொண்ணு வீடு என்று அவர் சொன்னது அவனுக்குள் எங்கோ போய் உட்கார்ந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, போனில் வந்திருந்த எண்ணைப் பார்த்தான். எண் பழக்கமானது. எந்த எண்ணிலிருந்து கூப்பிட வேண்டும் என்ற பெட்டியில் அதை நிரப்பியவனே அவன்தான்.

தட்டைத் தள்ளி வைத்தான்.

புரோகிராமுக்கு மொழி தெரியாது. எடுத்தவர் ஒரு சொல் சொல்லிவிட்டு நிறுத்திக் காத்திருந்தால் மனிதர். மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனால் பதிவுக் குரல். அவ்வளவுதான் அதன் அறிவு. சோதனைச்சாமி கூப்பிட்டதெல்லாம் அலுவலகத்தில் இருந்தவர்களை. அங்கே போனை எடுத்தால் ஒருவன் "ம்" என்பான், ஒருத்தி "சொல்லு" என்பாள், தலைவி "என்ன?" என்பாள். எல்லாரும் தேர்வில் பாஸ். கண்புரைக்குக் காத்திருப்பவர்கள் வேறு ஜாதிப் பேச்சுக்காரர்கள். நாளெல்லாம் யாரும் கூப்பிடாத வீட்டில் போன் அடித்தால், அவர்கள் அதைச் சும்மா விடுவார்களா? மூன்று முறை இயந்திரம் என்று தெரிந்தால் அந்த எண்ணை முடித்துவிடு என்றும் அவனேதான் போட்டிருந்தான். மாமனாருக்கு இது மூன்றாவது.

"என்ன மாப்பிள்ளை, உப்பு ஜாஸ்தியா?"

"இல்லை மாமா" என்று எழுந்தவன், செருப்பை மாட்டாமலே வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தான்.

ஆபீஸ் திரும்பியதும், மனிதரா பதிவுக் குரலா என்று பார்ப்பதை எடுத்துவிடலாம் என்றான். தலைவி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "நடுவுல அதை எடுத்தா, நம்பர் உபயோகத்துல இல்லேன்னு சொல்ற டேப், ஃபேக்ஸ் கத்தறது, எல்லாம் பொண்ணுங்க காதுல போய் விழும். ஏற்கெனவே அவங்க என்னைப் பார்க்கிற பார்வை சரியில்ல. உனக்கு உறுதியாத் தெரியுமா?"

"ஆமா."

"ஆமான்னா போதுமா? விளக்கமாச் சொல்லுடா."

அவன் வாயைத் திறந்தான். விளக்கம் வரவில்லை. ஓராண்டாக ஒரு சொல்லுக்கு மேல் புழங்காத வாய். "உங்க அம்மா நம்பருக்கு ஒரு டெஸ்ட் கால் போடலாமா அக்கா?" என்று மட்டும் கேட்டான்.

சோதனைச்சாமி ஸ்பீக்கரில் போட்டான். மணி அடித்தது. எடுக்கப்பட்டது.

"யாரு? நீயா? இப்பத்தான் நினைச்சேன். இரு, அடுப்பைக் குறைச்சிட்டு வரேன். காலையில டப்பாவை வெச்சிட்டுப் போயிட்டியே, பசியில கிடந்திருப்பியே, ஆபீஸ்ல என்னத்தத் தின்னியோ, நான் சொன்னா நீ எங்கே கேக்கப்போறே, அந்த முடியையாவது..."

தொடர்பு அறுந்தது. திரையில் வந்து நின்றது: இயந்திரம்.

தலைவி திரைக்கு அருகில் குனிந்து அந்தச் சொல்லைப் படித்தாள்.

"எங்க அம்மாவையா?" என்றாள் தலைவி. முகம் சிவந்துவிட்டது. "எங்க அம்மாவையா மெஷின்னு சொல்லுது, இந்த மூதேவி?"

"அக்கா, நிறுத்தாம பேசினா..." என்று சோதனைச்சாமி ஆரம்பித்தான்.

"நீ வாயை மூடு. பூலியன், எடுத்துத் தொலை அதை."

அதன்பின் வேலை பறந்தது. இயந்திரம் என்று முடித்துவிட்ட எண்களையெல்லாம் அவன் திரட்டிப் புதுத் தொடராக்கினான். அந்தப் பெட்டியில் இல்லை என்று போட்டான். தலைவி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, இடங்களை யாருக்கும் மாற்றிவிடாதீர்கள் என்று கெஞ்சினாள். நாளை மதியம் வரை பொறுக்கிறோம், அதற்கு மேல் டாக்டர் கேட்கமாட்டார் என்றார்கள்.

போனை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உன் மாமனார் பேரை நேரா எழுதிக்கச் சொல்லட்டுமா? ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அவன் யோசித்தான். சரி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மாமனாரை மனுஷன் இல்லை என்று மூன்று முறை சொன்னது அவன் செய்த தொடர். அதுவே போய் அவரிடம் பேசட்டும்.

"வேண்டாம்கா. வரிசையிலேயே வரட்டும்."

"வராம போயிட்டா?"

அவன் புதுத் தொடரை ஓடவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை, வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டான். கூடத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, போனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். உறுதி செய்தவர்களின் எண்ணிக்கை குபுகுபுவென்று ஏறியது. இடங்கள் குறைந்தன. மாமனார் பேர் வரிசையில் ரொம்பக் கீழே.

"என்ன மாப்பிள்ளை, முட்டை பொரியறதைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கறீங்க?"

"ஆபீஸ் வேலை மாமா."

"போன் அடிச்சா நான் எடுக்கப்போறதில்ல. அவமானம் பட்டது போதும்."

அவன் பதறி எழுந்தான். "எடுங்க மாமா. இந்தத் தடவை வைக்கமாட்டாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வெச்சது நான்தான். நான் ஓட்டற புரோகிராம். நீங்க பேசினதைக் கேட்டு மெஷின்னு நினைச்சிடுச்சு. உங்களை மட்டும் இல்ல, ஊர்ல பாதிப் பேரை. எங்க ஆபீஸ் அக்காவோட அம்மாவைக்கூட. நேத்து அதை மாத்திட்டேன். கண் ஆஸ்பத்திரிக்காரங்கதான் கூப்பிடறாங்க. எடுக்கலேன்னா மழை முடியற வரைக்கும் உங்களுக்கு ஆபரேஷன் கிடையாது. அந்த சைக்கிள்காரன் இன்னொரு நாள் வருவான். அடுத்தது லாரியா இருக்கும். என்னால இன்னொரு தடவை ஆஸ்பத்திரி வாசல்ல உட்கார்ந்திருக்க முடியாது மாமா."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். மாமனார் அவனைத் தெளிந்த கண்ணின் பக்கமாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மதியம் நெருங்கும்போது அடித்தது. அவர் தன் வணக்கத்திலிருந்து தொடங்கி, பொண்ணு வீடு, மாப்பிள்ளை, மாமனார் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை எதிர்முனை பொறுமையாக இருந்தது. பிறகு ஒரு சின்னப் பெண்ணின் குரல், அவனுக்கே கேட்டது: "ஐயா, புதன்கிழமை காலையில ஆபரேஷன். வர முடியுமா?"

"வரேன்மா. கண்டிப்பா வரேன்."

"கூட யார் வருவாங்க ஐயா?"

"மாப்பிள்ளை."

எதிர்முனை தயங்கியது. "ஐயா, இங்கே மாப்பிள்ளைன்னு போட முடியலையே. கணவர், மனைவி, மகன், மகள். நாலுதான் காட்டுது. அது போடாம மேல போக மாட்டேங்குது."

மாமனார் ரிசீவரைப் பொத்திக்கொண்டு திரும்பினார். "இதுவும் நீங்கதானா?"

அவன்தான். குறிப்பிட்ட சொற்கள் மட்டுமே நுழையக்கூடிய பெட்டி அது. மற்றவர் என்று ஒன்று போட்டால் எல்லாரும் அதையே தொடுவார்கள் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். நான்கோடு விட்டான். மருமகன் என்று ஒருவன் இருப்பது அவனுக்கே தோன்றவில்லை. இப்போது திருத்தி அனுப்ப நேரம் இல்லை. திரையில் மிச்ச இடங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

எழுந்து போய் ரிசீவரை வாங்கினான். "மகன்னு போடுங்கம்மா."

"நீங்க மகனா சார்?"

"போடுங்க."

கீபோர்டு சத்தம் கேட்டது. "பதிவாயிடுச்சு சார். இன்னிக்கே சொட்டு மருந்து ஆரம்பிக்கணும். மருந்துச் சீட்டு போன தடவையே குடுத்திருப்பாங்க."

வைத்துவிட்டான். மாமனார் மேசை இழுப்பறையைத் துழாவிச் சீட்டை எடுத்தார். கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார், கடைசியில் அவனிடமே நீட்டினார்.

"உனக்குச் சொட்டு மருந்து ஊத்தத் தெரியுமா?"

"தெரியாது."

"கன்னத்துல பாதி, கண்ணுல பாதி ஊத்துவே. பரவாயில்ல, பழகிக்கோ. புதன்கிழமைக்கு லீவு சொல்லிடு."

"சொல்றேன்."

"அப்புறம் என்ன நிக்கிறே? மருந்துக்கடையைச் சாப்பாட்டுக்குச் சாத்திடப்போறான், சட்டையைப் போடு" என்றார். அவன் இடது பக்கம் வந்து நிற்கும்வரை வாசலில் காத்திருந்தார்.