கூப்பிட்டாரா, அழைத்தாரா

ஊர்த் தலைவரின் தண்டோராக்காரன் செகோபே மேட்டில் ஏறி அறிவிப்புச் சொன்னபோது மாபுலேங் முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நாளைக்குத் தலைவர் வீட்டுக்கு எல்லாரையும் 'மேமா' பண்றாரு!"

அவள் கை நின்றது. 'மேமா' என்றால் விருந்துக்கு அழைப்பது. ஊரைத் திரட்டத் தலைவர் சொல்லும் சொல் 'பிட்சா', பேர் சொல்லிக் கூப்பிடுவது. எங்கள் லெசோத்தோ மலைகளில் ஊர்க்கூட்டத்துக்கு 'பிட்சோ' என்று பேர் வந்ததே அதிலிருந்துதான். கூப்பிட்டால் போயே ஆகவேண்டும். போனால் யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம். அழைத்தால்? தின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

போன குளிர்காலத்தில் மேய்ச்சல் நிலத்துக்காகத் தலைவர் லெபெக்கோவிடம் வாய்ச்சண்டை போட்டவள் அவள். இறங்கி வந்த செகோபேயை வேலியோரம் மடக்கினாள்.

"என்னய்யா, வாய் குழறிடுச்சா?"

"நானும் ரெண்டு தடவ கேட்டேங்க்கா. 'மேமா'ன்னே சொல்லுடான்னாரு."

"நம்ம வாயில கறியத் திணிச்சிட்டு மேய்ச்சக்காட்ட யாருக்கோ குடுக்கப் போறாரு."

"என்னமோ போக்கா. மாடு அடிச்சிருக்காங்க, நான் போவேன்."

பக்கத்து வீட்டு த்லாலி போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். "கறி வாசனைக்கு வால ஆட்ட நான் நாயா? நான் வரல."

மறுநாள் அவள் போனாள், வேவு பார்க்க. தலைவர் பக்கத்தில் கோட்டுப் போட்ட இரண்டு அசலூர்க்காரர்கள்.

"நிலம் அளக்க வந்தவங்களா?" என்று சோளக்கள் ஊற்றியவளிடம் கிசுகிசுத்தாள்.

"அடிப் போடி! தலைவர் பொண்ணுக்குச் சம்பந்தம் பேச வந்தவங்க."

அப்படியும் அவள் எதையும் தொடவில்லை. தலைவரே தட்டோடு வந்தார்.

"சாப்பிடலையா?"

"மொரேனா, தலைவரே, எங்களக் கூப்பிடாம ஏன் அழைச்சீங்க?"

"கூப்பிட்டா நீ பயந்துகிட்டு வருவ. அன்னிக்குப் பேசின பேச்சுக்கப்புறம், நீயா வர்றியான்னு பாக்கணும்னு தோணிச்சும்மா."

அவளுக்கு முகம் சுட்டது. தட்டை வாங்கிக்கொண்டாள். கறி பதமாக வெந்திருந்தது. இரண்டாம் வாய் மெல்லும்போது நிமிர்ந்து பார்த்தாள். தலைவரின் கண் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாக நகர்ந்துகொண்டிருந்தது. தானாக வந்தது யார் என்று தெரிந்தால், வராதவன் யார் என்பதும் தெரிந்துவிடுமே!

ஒரு துண்டுக் கறியைத் துணியில் முடிந்துகொண்டு நேரே த்லாலி வீட்டுக்கு நடந்தாள்.

"தலைவர் கேட்டா, நேத்துலேருந்து உனக்குக் காய்ச்சல், அதான் வரல. புரியுதா?"

"எனக்கா? கல்லு மாதிரி இருக்கேன்."

"இருமிக் காட்டுடா."

அவன் இருமினான். மறுநாள் காலை, மணப்பெண்ணை வாழ்த்தி வரச் சொல்லி அவனைத் தலைவர் வீட்டுக்கு விரட்டிய பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது.