தேவை தீரும்வரை

1

காலையில் எழுந்ததும் முகம் கழுவுவேன். மெஷினைப் போடுவேன். பால் விடாத கட்டன்சாயாவுக்குத் தண்ணீர் வைப்பேன். சாயா குடித்து முடியும்வரை மெஷின் ஓடும். பிறகு அதை அணைத்து, துணியால் துடைத்துவிட்டு வேலைக்குப் போவேன்.

அது ஆக்ஸிஜன் மெஷின். எங்கள் ஊர் நூலகத்துக்குச் சொந்தமானது. குழாயின் மறுமுனையில் இப்போது யாரும் இல்லை. என் மனைவி பிரிஜா ஈஸ்டருக்குப் பிறகு இறந்தாள். நுரையீரல். இப்போது ஓணம் கழிந்துவிட்டது.

நூலகத்தின் ஆண்டு மலருக்கு வரலாறு எழுதித் தரும்படி செயலாளர் ஜெப்சன் போன வாரம் கேட்டான். நான் வேலையாக இருந்தால் நல்லது என்று நினைத்திருப்பான். எழுதினேன். வரலாறு மெஷின் வரை வந்து நின்றுவிட்டது. அதனால்தான் இது கதை.

2

முதல் தொடக்கம்: 'குளச்சலுக்குக் கிழக்கே, அலைகள் தாலாட்டும் நம் ஊரில் அறிவொளி பரப்பி'

வேண்டாம்.

இரண்டாவது: 'நம் நூலகத்துக்கு முதலில் வந்தது புத்தகம் அல்ல, சீலிங் ஃபேன்.'

இது உண்மை. மீன்வலை போட்டுவைக்கும் பழைய கூடம் ஒன்றில் இரண்டு நாளிதழ்களைப் போட்டிருந்தார்கள். துபாயில் இருந்தவர்கள் சேர்ந்து ஃபேன் வாங்கிக் கொடுத்தார்கள். காற்று வாங்க வந்தவர்கள் பேப்பரைப் புரட்டினார்கள். புத்தகங்கள் பிறகு வந்தன. பாஸ்போர்ட் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார்கள். போட்டித் தேர்வுக்கு வகுப்பு நடத்தினார்கள். ஒக்கிப் புயலின்போது, கடலிலிருந்து திரும்பாதவர்களின் பெயர்களைச் சுவரில் ஒட்டினார்கள். இன்றும் அந்தச் சுவரில் யாரும் சாய்ந்து உட்காருவதில்லை. கொரோனாவுக்குப் பிறகு சக்கர நாற்காலியும் தண்ணீர் மெத்தையும் இரண்டு ஆக்ஸிஜன் மெஷினும் வந்தன. புத்தகம்போலவே இரவல்.

[அடிக்குறிப்பு. கீழே போட்டால் படிக்க மாட்டீர்கள், இங்கேயே சொல்கிறேன். புத்தகத்துக்குத் தவணை பதினைந்து நாள். மெஷினுக்கும் தேதி போட வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. பிரிஜா அப்போது கமிட்டி உறுப்பினர். நோய் வந்திருக்கவில்லை. "தேதி போட்டா, அதுக்குள்ள செத்துரணும்னு சொல்லுதது மாதிரி இருக்கும்" என்றாள். அதனால் நூலக அறிவிப்புப் பலகையில் 'தேவை தீரும்வரை' என்று எழுதினார்கள். நூலகம் யார் வீட்டுக்கும் போய்த் திருப்பிக் கேட்காது. கேட்டால், ஆள் போயாச்சா என்று கேட்பதாகிவிடும். வீட்டுக்காரர்களே கொண்டுவந்து வைப்பார்கள். இதுவரை எல்லோரும் வைத்திருக்கிறார்கள்.]

3

இன்று காலை மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இதை எழுதும்போதும் நிற்கிறது. நான் கதவைத் திறக்கவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வந்தவன் ஜெப்சன். முதலில் அவனை முரடனாக எழுதினேன். கேட்டை உலுக்குகிறான், கத்துகிறான். அந்த வரிகளை அடித்துவிட்டேன். பிரிஜாவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அவனும் ஒருவன். இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கமாக நிற்கிறான்.

மரியஜானை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னான். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். மூச்சுக்கு வாடகை சிலிண்டர் வைத்திருக்கிறார்கள், மதியம் வரை வரும். நூலகத்தின் இன்னொரு மெஷின் திருவட்டாறில் ஒரு வீட்டில் ஓடுகிறது. நாகர்கோவில் கடைகளில் விசாரித்தாயிற்று, இல்லை.

பிறகு, "நான் கேக்க வரல்ல, கேட்டியா. நம்ம சட்டப்படி கேக்கக் கூடாது. சும்மா நிக்கேன்" என்றான்.

ஆட்டோவிலிருந்து மரியஜானின் மனைவி வியாகுலம்மாள் இறங்கினாள். சந்தையில் மீன் விற்கிறவள். அவளுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

"மக்கா, மெஷின் ஓடுத சத்தம் கேக்குதே. யாருக்கு ஓடுது?"

நான் அடுத்த வரியை எழுதினேன்.

"உனக்கு மூச்சு முட்டுதா? முட்டுதுன்னா சொல்லு, நான் போறேன். அங்க கெடக்கவருக்கு முட்டுது."

ஜெப்சன் அவளைக் கேட்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனான்.

தேவை தீரும்வரை. யாருடைய தேவை என்று பலகையில் இல்லை. வீட்டில் இந்தச் சத்தம் இல்லையென்றால் என்னால் ஒரு வாய் சாயா இறக்க முடிவதில்லை. இதைத் தேவை என்று சொன்னால் ஜெப்சன் ஒத்துக்கொள்வான். அதுதான் பயமாக இருக்கிறது.

4

முடிவு ஒன்று: கதவைத் திறக்கிறேன். மெஷினைத் தூக்கி ஆட்டோவில் வைக்கிறேன். வியாகுலம்மாள் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். ஆண்டு மலருக்குப் பொருத்தமான முடிவு. மலர்களில் வருபவற்றை நான் நம்புவதில்லை.

முடிவு இரண்டு: திறக்கவில்லை. ஆட்டோ போய்விடுகிறது. மதியம் மரியஜான்

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.]

முடிவு மூன்று: சாகும் நேரத்தில் பிரிஜா என்னிடம், மெஷினைத் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள் என்கிறாள். கதை கச்சிதமாக அடைபட்டுவிடும். எழுதியும் பார்த்தேன். ஆனால் அவள் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

5

பிரிஜா இறந்த அன்றும் சாயாவுக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அடுக்களையில் நின்றபடியே அவளிடம் ஏதோ சொன்னேன். சர்க்கரை தீர்ந்துபோனதைப் பற்றி என்று நினைக்கிறேன். அவள் பதில் சொன்னாள். அவள் சொன்னதைச் செய்ய முடியாது. அதனால் நான் சொன்னதையே கொஞ்சம் சத்தமாகச் சொல்லிக்கொண்டு அவள் பக்கத்தில் போனேன். அவ்வளவுதான்.

சாயா ஆறிவிட்டது. கேட்டுக்கு வெளியிலிருந்து வியாகுலம்மாள் மறுபடியும் ஏதோ சொல்கிறாள். இந்தச் சத்தத்தில் பிடிபடவில்லை. ஜெப்சன் ஆட்டோவின் பக்கத்தில் நிற்கிறான்.

நான் இத்தோடு எழுதுவதை நிறுத்துகிறேன். கதவும் மெஷினும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். மிச்சத்தை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். நான் இட்டுக்கட்டாத ஒரு வரி மட்டும் பாக்கி இருக்கிறது. பிரிஜா கடைசியாகச் சொன்னது.

"அத ஒண்ணு ஆஃப் பண்ணுங்க. நீங்க பறையுதது எனக்குக் கேக்கல்ல."