கல்லில் ஏறாத பலகை

பார்க்கத் தகுந்த இடங்கள் ஒன்பது என்று அந்த ஊர் நகராட்சி முடிவு செய்திருந்தது. ஒன்பதுக்கும் நீலப் பலகை உண்டு. பலகை இருந்தால் வரலாறு, இல்லாவிட்டால் இடிபாடு. நிர்வாகத்துக்கு இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு கிடையாது.

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுபவளை எல்லோரும் 'மேப்பு' என்பார்கள். வெளியூர்க்காரர்கள் சுற்றிப் பார்க்க ஒரு வழிப்படம் வரையச் சொன்னதால், அவள் பழைய படங்களைப் புரட்டினாள். அவற்றில் பழைய தபால் நிலையம் கருங்கல் கட்டடம். பலகையோ பக்கத்துச் செங்கல் சுவரில், அவளுடைய அத்தானின் முடிதிருத்தும் கடையில். பலகை இல்லாத குற்றத்துக்காகக் கருங்கல் கட்டடத்தைத் திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு இடிக்கப் போகிறார்கள். பதினோரு மணிக்கு நகராட்சி அதிகாரி வந்து, பலகைகளைச் சரிபார்த்து இடிக்கும் பட்டியலை முடிவு செய்வார்.

ஒன்பது பலகைகளையும் மாட்டியது தச்சுவேலை செய்யும் அவள் சித்தப்பா.

"தபால் ஆபீஸ் பலகைய எங்க மாட்டச் சொன்னாங்க சித்தப்பா?"

"தபால் ஆபீஸ்லதான்."

"நீங்க மாட்டினது?"

"கல்லுல ஆணி எறங்கல மேப்பு. மூணு வளைஞ்சு போச்சு. பக்கத்துச் சுவரு வெண்ணெய் மாதிரி இருந்துச்சு. ரெண்டடி தள்ளினா வரலாறு கோவிச்சுக்கவா போகுது?"

வரலாறு கோபித்துக்கொள்ளவில்லை. பத்தொன்பது வருஷமாக ஆட்கள் வந்து முடிவெட்டும் கடையைப் படம் எடுத்துப் போனார்கள். "இந்த நாற்காலியிலதான் முதல் தபால்காரர் உக்காந்தாரு" என்று அத்தான் விளக்கமும் சொல்வார். நாற்காலி வாங்கி ஆறு வருஷம்தான் ஆகிறது.

"பலகைய கழட்டணும் அத்தான்."

"என் தலைய வேணா கழட்டிட்டுப் போ. எனக்குன்னு இருக்கற ஒரே கௌரவம் அது."

"கடையில ஏசி மாட்ட மனு போட்டீங்களே, என்னாச்சு?"

"பாரம்பரியக் கட்டடத்துல சுவத்தத் துளைக்கக் கூடாதாம். ஏழு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க."

மேப்பு பலகையைப் பார்த்தாள். அத்தானும் பார்த்தார். அவர் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை, சோப்பு பூசிய வாடிக்கையாளரின் மேல் விழுந்தது.

"ஸ்க்ரூடிரைவர் பெருசு வேணுமா, சின்னது போதுமா?" என்றார்.

திங்கட்கிழமை காலை சித்தப்பாவின் துளைக்கருவியில் நான்கு முனைகள் உடைந்தன.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்று அவர் வெற்றியோடு உட்கார்ந்தார்.

"எந்திரிங்க. கல்லுல யாரு போடச் சொன்னா? இடுக்குல போடுங்க."

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பழைய சுண்ணாம்புக் காரை இருந்தது. அளவுநாடாவை இழுத்துப் பிடித்து, பலகையின் இரண்டு துளைகள் இடுக்கோடு ஒத்துப்போகும் இடத்தைத் தேடினாள். பதினோராவது முயற்சியில் கிடைத்தது. முதல் திருகாணி ஏறி முடிந்ததும், அதிகாரி இருபது நிமிஷம் முன்னதாகவே வந்து நின்றார்.

"ஏம்மா, அதுல கைய வச்சிருக்கீங்க?"

"எடுத்தா சாஞ்சிடும் சார்."

"சாஞ்சா அறிக்கை எழுதணும். அப்படியே பிடிங்க." கோப்பைப் பார்த்தார். "சுவர், கருங்கல்..." சுவரைத் தொட்டார். முகம் மாறியது. "ஃபைல்ல இருக்கறதும் நேர்ல இருக்கறதும் ஒத்துப்போகுதே. ஏதாவது தப்பு நடந்திருக்கா?"

"இருந்த தப்பு இன்னைக்குத்தான் சரியாச்சு."

அவர் டிக் அடித்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார். "இடிக்க வேண்டியது, பலகை உள்ள கட்டடத்துக்கு அடுத்து, பலகை இல்லாத கட்டடம்."

எல்லோரும் முடிவெட்டும் கடையைப் பார்த்தார்கள். அத்தான் கத்தியோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

"மேப்பு!"

அவள் ஒரு கையைப் பலகையிலிருந்து எடுக்காமலே, மறு கையால் பழைய வரைபடத்தை நீட்டினாள். "உத்தரவுல சர்வே நம்பர் இருக்கு சார். பாருங்க, அது இந்தக் கல்லுக் கட்டடத்தோடது. இதுக்கு இப்ப பலகை இருக்கு. உத்தரவ ரத்துன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"நாளைக்கு ஆபீசுக்கு..."

"பன்னெண்டு மணிக்கு இடிக்கற வண்டி வருது சார். நான் கைய எடுக்க மாட்டேன்."

அதிகாரி அவளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், எழுத வேண்டிய அறிக்கையின் நீளத்தை நினைத்தார். அத்தானின் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"சித்தப்பா," என்றாள் மேப்பு, "ரெண்டாவது திருகாணி."