உறுதியில் எழுதிய விலை

"நாற்பத்தேழாயிரமா?" என்று மதுரன் கேட்டான். அவன் மனைவி யசோதினி மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஓம்," என்றார் பத்திரம் எழுதும் நொத்தாரிசு றபீக்கா. "வீட்டுவிலை பன்னிரண்டு லட்சம். முதல் ஒரு லட்சத்துக்கு நூற்றுக்கு மூண்டு. மிச்சப் பதினொண்டுக்கு நூற்றுக்கு நாலு. இது என்ட கூலி இல்ல, மாகாண சபைக்குப் போற முத்திரை வரி. வாங்குற ஆக்கள்தான் கட்டணும். கட்டினாத்தான் உறுதிப் பத்திரத்தப் பதியலாம்."

மட்டக்களப்பு நகரில், காணிப் பதிவகத்துக்கு அடுத்த தெருவில் இருந்தது அந்த அறை. இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு ஆவணி மாதம். வீட்டு விலையையும் நொத்தாரிசின் கூலியையும் சேர்த்து வைத்திருந்தார்கள். வரி என்று தனியாக ஒன்று வரும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வீட்டை விற்க வந்த அன்னப்பூரணி பக்கத்துக் கதிரையில் இருந்தாள். களுவாஞ்சிக்குடியில் தனியாக இருக்கும் விதவை. அவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "விலைய ஆறு எண்டு போடுவமே மிஸ். வரி பாதியாக் குறையும்தானே. மிச்சத்த அவங்க எனக்குக் கையில தரட்டும்."

"பொய்விலை எழுத ஏலாதும்மா. வரிக் கந்தோர் மதிப்புப் பாத்தா, குறைஞ்ச வரியையும் கேப்பாங்க, தண்டமும் கேப்பாங்க. நாளைக்கு ஒரு வழக்கு வந்தா, இவங்க குடுத்தது ஆறு லட்சம் எண்டுதான் உறுதி சொல்லும்."

மதுரன் நொத்தாரிசை நிமிர்ந்து பார்த்தான்.

"பன்னிரண்டு எண்டே எழுதுங்க மிஸ். எங்களுக்கு ரெண்டு மாசம் தவணை தந்தாப் போதும்."

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்பது யசோதினிக்குத் தெரியும். கலியாணம் முடித்த புதிதில், செட்டிபாளையத்தில் கடலோரமாக ஒரு துண்டுக் காணியைத் தூரத்து உறவுக்காரர் ஒருவரிடம் வாங்கினார்கள். காசு முழுவதும் கொடுத்தாயிற்று. "உறுதிச் செலவுக்கு வச்சிருக்கிற காசில கல்லும் சீமெந்தும் எடுப்பம், எழுதுறத பிறகு பாப்பம்" என்று மதுரன்தான் சொன்னான். கையில் இருந்தது ஒரு பற்றுச்சீட்டு மட்டும். மேசன் வேலைக்காரனான அவன் தன் கையாலேயே வீட்டைக் கட்டினான். ஐந்து வருடத்தில் சுனாமியாகக் கடல் வந்தது. அன்று காலை அவர்கள் களுவாஞ்சிக்குடிச் சந்தையில் நின்றதால் உயிர் தப்பினார்கள். காணி விற்றவரைக் குடும்பத்தோடு கடல் கொண்டுபோய்விட்டது. பற்றுச்சீட்டும் போய்விட்டது. பிறகு அவருடைய தம்பி கொழும்பிலிருந்து பழைய உறுதியோடு வந்து காணி தங்களுடையது என்றார். வீட்டுத்திட்டத்தில் உரிமைக்கு அத்தாட்சி கேட்டார்கள். காட்ட ஒன்றும் இல்லை.

முகாம், தகரக் கொட்டில், வாடகை அறை. யசோதினி குவைத்துக்குப் போய் நாலு வருடம் ஒரு வீட்டில் வேலை செய்தாள். யுத்தம் முடிந்த வருடம் திரும்பி வந்தாள். அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவள், "நீங்கதானே எழுத வேணாம் எண்டு சொன்னீங்க" என்று கேட்டதில்லை. அவள் கேட்காததே அவனுக்குப் பாரமாக இருந்தது.

வெளியே வந்ததும் அன்னப்பூரணி கேட்டாள்: "இன்னும் ரெண்டு மாசம் வாடகை குடுக்கப்போறீங்களா? அந்தக் காச வரிக்கு வைங்க. வந்து என்னோட இருங்க. நான் ஒரு ஆள், வீட்டில ரெண்டு அறை கிடக்கு."

அடுத்த வாரமே போய்விட்டார்கள். முதல் சில நாள் இரண்டு அடுப்பு எரிந்தது. யசோதினி காய்ச்சலில் படுத்த அன்று அன்னப்பூரணி மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தாள்; அதன்பின் ஓர் அடுப்பே போதுமாக இருந்தது. மதுரன் ஒழுகிய குசினிக் கூரைக்கு ஓடு மாற்றினான்.

"நான் விட்டுட்டுப் போற வீட்ட ஏன் மருமகன் இப்பவே திருத்துறீங்க?"

"உறுதி எழுதுமட்டும் மழை காத்திருக்காது மாமி."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். யசோதினி அன்றுதான் அவள் சிரிப்பதைக் கேட்டாள்.

அன்னப்பூரணியின் ஒரே மகன் நிலோஜன். யுத்தம் கடுமையாக இருந்த காலத்தில், அவனை யாரும் பிடித்துக்கொண்டு போய்விடக்கூடாது என்று அவளே சுவிசுக்கு அனுப்பிவைத்தாள். அங்கே அகதி வழக்கு முடியாததால் அவனால் திரும்ப முடியவில்லை. தனியாக இருக்க வேண்டாம், வீட்டை விற்றுவிட்டுத் திருகோணமலையில் சின்னம்மாவோடு போய் இரு என்று அவன்தான் சொன்னான்.

ஒரு பின்னேரம் யசோதினி அறைக்குள் போனபோது, அன்னப்பூரணி பெட்டியில் அடுக்கிய சேலைகளைத் திரும்ப வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி பேசினவள். அவள்ட மகள் புள்ளப்பெத்துக்கு வந்திருக்காளாம். அறை இல்லையாம். கொஞ்சம் பொறுத்து வரட்டாம்."

"எவ்வளவு நாளைக்கு மாமி?"

"அத அவள் சொல்லல்ல புள்ள. நானும் கேக்கல்ல. நிலோஜனிட்டச் சொல்லிராத, அவன் அங்க கிடந்து யோசிப்பான்."

அன்று மதுரன் கிணற்றடியில் சீமெந்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது யசோதினி விசயத்தைச் சொன்னாள். "மாமி இஞ்சயே இருக்கட்டும் மச்சான்."

"நானும் அதத்தான் நினைச்சன்."

"பிறகு ஏன் சொல்லல்ல?"

அவன் வாளியைக் கீழே வைத்தான். "வீட்டு விசயத்தில ஒருக்கா நான் சொன்னதாலதானே நீ நாலு வருசம் அங்க கிடந்த."

யசோதினி அவன் கையை எடுத்து, விரலிடுக்கில் காய்ந்திருந்த சீமெந்தைத் தன் நகத்தால் சுரண்டினாள். "நானும்தானே அண்டைக்கு ஓம் எண்டனான். ஒங்கட தலையில மட்டும் ஏன் போடுறீங்க?"

அவள் மற்றக் கையையும் எடுத்துக்கொண்டாள்.

ஐப்பசியில் வரிக்காசு சேர்ந்தது. வங்கியில் கட்டிய துண்டை வாங்கிப் பார்த்த றபீக்கா கையெழுத்துக்குத் தாள்களை எடுத்தார். யசோதினி தடுத்தாள்.

"மிஸ், மாமி உயிரோட இருக்குமட்டும் அந்த வீட்டிலதான் இருப்பா எண்டு எழுத ஏலுமா?"

"ஏலும். சீவிய உரித்து எண்டு சொல்ற. அப்பிடி எழுதினா, அவ இருக்குமட்டும் ஒங்களால அவவ வீட்டவிட்டு எழுப்ப ஏலாது. வீட்ட விக்கிறதும் கஷ்டம். நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சம்," என்றான் மதுரன்.

அன்னப்பூரணி பதறிவிட்டாள். "என்ன புள்ள இது? முழுக்காசையும் வாங்கிட்டு உரித்தும் கேக்கிறதா? நீங்க இரு எண்டு சொன்னாப் போதும், நான் இருப்பன். எழுத வேணாம்."

"எழுதணும் மாமி," என்றாள் யசோதினி. "வாய்ச்சொல்ல நம்பி இருக்கிற வீடு எப்பிடி எண்டு எங்களுக்குத் தெரியும். நாளைக்கு எங்களுக்கு ஒண்டு நடந்தாலும் ஒங்கள ஒருத்தரும் எழும்பு எண்டு சொல்லக்கூடாது."

அன்னப்பூரணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். றபீக்கா தாள்களைத் திரும்ப வாங்கி, அந்தப் பந்தியைச் சேர்த்து அடிக்கச் சொன்னார். அரை மணித்தியாலம் மூவரும் வாசல் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கையெழுத்து வைத்தார்கள்.

தெருவுக்கு வந்ததும் அன்னப்பூரணி மகனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"எழுதிக் குடுத்துட்டன் மனே... இல்ல, திருகோணமலைக்குப் போகல்ல. வீட்டிலதான் இருக்கன். ஓம், எங்கட வீட்டிலதான்." நடந்ததையெல்லாம் சொன்னாள். பிறகு தொலைபேசியை யசோதினியிடம் நீட்டினாள். "ஒன்னோட பேசணுமாம்."

யசோதினி காதில் வைத்தாள். அவன் அழுவது கேட்டது. பஸ் ஒன்று இரைந்துகொண்டு போகும்வரை பொறுத்திருந்தாள்.

"அழாதீங்க தம்பி," என்றாள். "நாங்க இருக்கம். ஒங்கட வழக்கு முடிஞ்சதும் வீட்டுக்கு வாங்க."