மூடுபனிக்கு முன்னால்

வோல்கருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. வாரம் முழுக்க இரும்புக் குழாய்களைத் தோளில் ஏற்றி இறக்கியதில், ஞாயிற்றுக்கிழமை மதியம் நாற்காலியில் உட்காருவதே ஒரு வேலையாக இருந்தது. மேசை விளிம்பைப் பிடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினான். டூயிஸ்பர்க் நகரத்தில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டிக் கட்டி ஐம்பதைத் தொட்டவன் எவனும் இதைவிட அழகாக உட்காருவதில்லை.

“கிழவன் மாதிரி உக்கார்றே,” என்றாள் மெர்லே.

“கிழவன்தான். கேக்கை இந்தப் பக்கம் தள்ளு.”

மெர்லேவுக்குப் பதினொரு வயது, தம்பி யோஸ்டுக்கு ஆறு. இருவரும் அம்மா பிர்ட்டேயோடு ரைன் நதிக்கு அக்கரையில் இருந்தார்கள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி ஞாயிறுக்கு அப்பா வீடு. போன தடவை விளையாடும்போது வோல்கர் வாயை மூடவே இல்லை. அதை எடு, இதை வை, அங்கே போகாதே என்று அவர்கள் ஆட்டத்தையும் சேர்த்து அவனே ஆடி முடித்தான். இந்த வாரம் நடுவில் மெர்லே போன் பண்ணினாள்.

“இந்தத் தடவையும் நீ மேஸ்திரி வேலை பாத்தேன்னா நான் இனிமே வரமாட்டேன்பா. யோஸ்ட் மட்டும் வரட்டும்.”

குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனை உலுக்கியது. கத்தியிருந்தால், ஆறிவிடும் என்று விட்டிருப்பான்.

இன்று விளையாட்டுப் பெட்டியை அவளே கொண்டுவந்திருந்தாள். பலகையில் ஒரு ஆறு, அதன் கோடியில் ஒரு படகுத்துறை, ஓரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு, ஒரே ஒரு படகு. மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் அந்தப் படகு. மணல் கடிகாரம் காலியாகும்போதெல்லாம் மூடுபனி ஒரு கட்டம் நகரும். பனி துறையை மூடுவதற்குள் படகு போய்ச் சேர்ந்தால் எல்லாருக்கும் வெற்றி. இல்லாவிட்டால் எல்லாருக்கும் தோல்வி. மணல் விழும்போது அடுத்தவருக்கு யோசனை சொல்லக் கூடாது.

“சொன்னா பனி இன்னொரு கட்டம் வரும்,” என்றான் யோஸ்ட். “அப்பா, உன்னைத்தான் சொல்றேன்.”

“காது கேக்குதுடா.”

தொடங்கினார்கள். யோஸ்ட் முதல் ஆட்டத்திலேயே படகைச் சுழலுக்குள் விட்டான். பக்கத்தில் அகலமான வழி திறந்து கிடந்தது. வோல்கர் ஒரு பெரிய துண்டு ஆப்பிள் கேக்கை எடுத்து வாயை அடைத்துக்கொண்டான்.

“அப்பா மூஞ்சியைப் பாரு,” என்றாள் மெர்லே. “மூஞ்சியாலயும் சொல்லக் கூடாது.”

“மூஞ்சியைக் கழட்டி வெக்கவா?”

யோஸ்ட் விழுந்து விழுந்து சிரித்தான். மெர்லேவும் கொஞ்சம் சிரித்தாள். வோல்கருக்குச் சட்டைக்குள் வியர்த்தது. வேலைத்தளத்தில் எட்டுப் பேரை ஒரு அதட்டலில் நிறுத்துகிறவனுக்கு, இந்த மேசையில் சும்மா இருப்பது குழாய் சுமப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஆனாலும் இருந்தான். படகு சுழலிலிருந்து வெளியே வந்தது, தீவைச் சுற்றியது. துறைக்கு முன்னால் ஒரு பாறை. அதைச் சுற்றிப் போக இன்னும் இரண்டு ஆட்டம் வேண்டும். பனிக்கோ ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. யோஸ்ட் கட்டை விரலைச் சப்பினான். அதை அவன் எப்போதோ நிறுத்தியிருந்தான்.

மெர்லேவின் முறை. அவள் யோசித்தாள். மணல் பாதிக்குக் கீழே இறங்கியது. இன்னும் யோசித்தாள். வோல்கரின் கண் பாறையிலேயே இருந்தது. நேராகத் தள்ளினால் படகு உடையும். அது அவளுக்குத் தெரியுமா? தெரியாமல் இருக்குமா? அவள் கை எழுந்து படகை நோக்கி வந்தது.

சாரத்தின் மேல் ஒருவன் கை தப்பான கிளாம்பைக் கழற்றப் போனால், நின்று பேசிக்கொண்டிருக்க முடியாது. கை முந்தும், வாய் பிறகுதான். அப்படித்தான் அவன் ஆட்களை உயிரோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான்.

அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்தான்.

நல்ல பிடி. மெர்லே கத்தவில்லை, கையை இழுக்கவும் இல்லை. அவனையே பார்த்தாள். கடைசி மணல் இறங்கியது.

“அப்பா,” என்றான் யோஸ்ட், “கையை விடு.”

விட்டான். அவன் விரல்கள் இருந்த இடம் வெளுத்து, பிறகு சிவந்தது. மெர்லே அதே கையை நீட்டி, படகைத் தாண்டி, பலகையின் ஓரத்தில் நின்ற மஞ்சள் விளக்கை எடுத்துக் காட்டினாள்.

“இதைத்தான் எடுக்க வந்தேன். இதை வெச்சா பனி ஒரு கட்டம் பின்னால போகும்.”

வோல்கர் அந்த விளக்கை மறந்தே போயிருந்தான்.

மூடுபனியை அவளே நகர்த்தித் துறையின் மேல் வைத்தாள். பிறகு காய்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். ‘மெர்லே’ என்று கூப்பிட வாயைத் திறந்தான். அழைப்புமணி அடித்தது.

மழைக்கோட்டோடு வாசலில் நின்ற பிர்ட்டே, “எப்படிப் போச்சு?” என்றாள்.

மெர்லே ஜாக்கெட் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டாள்.

“தோத்துட்டோம்,” என்றாள்.

“அடுத்த தடவை வர்றியா இல்லையா? நான் டியூட்டி மாத்தணும், இப்பவே சொல்லு,” என்றாள் பிர்ட்டே.

மெர்லே ஷூ நாடாவை முடிந்தாள். ஒன்றை முடிந்து, அடுத்ததையும் முடிந்து, அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

“வர்றேன். ஆனா அப்பா ரெண்டு கையும் மேசைக்குக் கீழ இருக்கணும்.”

பிர்ட்டே ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். வோல்கரும் பல்லைக் காட்டினான். படியில் யோஸ்ட் தொம் தொம்மென்று இறங்கும் சத்தம் கேட்டது, கீழே கதவு சாத்திக்கொண்டது.

மகளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை அவன் கேட்கவில்லை. அது பாக்கி.