ரங்கத்தின் ஒற்றை முகவரி

போர்ட் பிளேரின் மரைன் ஹில் சரிவில், துறைமுகம் முழுவதும் தெரியும் சிறு கட்டடத்தில், யார் கேட்டாலும் விடை சொல்லும் பெயர்ச்சேவையகம் ஒன்றை விஜயகுமாரி பராமரித்து வந்தாள். ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டினால், அஃது எந்த எண்ணில் குடியிருக்கிறதெனச் சொல்வதே அதன் வேலை. அது வாய்மூடிவிட்டால், அதை நம்பிய தீவுவாசிகளுக்கு இணையம் இருந்தும் இல்லாததே.

அன்று காலை திரையில் ஒரு கோடு செங்குத்தாய் எழும்பிற்று. ஒரே எண்முகவரியிலிருந்து கேள்விகள் அடைமழையாய்க் கொட்டின.

சென்னையிலிருந்த மேலதிகாரி ஸ்ரீதர் தொலைபேசியில் அவசரப்படுத்தினார். "தாக்குதல்தாம்மா இது. நம்ம சர்வரை வெச்சு யாரோ யாரையோ அடிக்கிறான். ஃபில்டர் போட்டு மூடு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பிறருடைய முகவரியைப் பொய்யாய் எழுதிக் கேள்வி கேட்பவன், விடைகளையெல்லாம் அந்த அப்பாவியின் தலையில் கொட்டச் செய்துவிடுவான். ஆகவே, அளவு மீறிக் கேட்கும் முகவரிக்குச் செவிடாகிவிட வேண்டும் என்பது விதி. விஜயகுமாரி அவ்வாறே செய்தாள்.

சற்றைக்கெல்லாம் அடுத்த மேசையிலிருந்த நெல்சனின் கைப்பேசி ஒலித்தது. அழைத்தவள் ரங்கத் என்ற தீவூரிலிருக்கும் அவன் தங்கை ரோசலின், நிறைமாதக்காரி. மண் சரிந்து சாலை அடைபட்டுவிட்டதால், பிரசவத்துக்குப் போர்ட் பிளேர் வந்து சேர அவளுக்குக் கப்பலை விட்டால் வேறு கதியில்லை. டிக்கெட் பதிவு திறந்ததும் அன்று காலைதான்.

"அண்ணே, கப்பல் பேஜ் தொறக்கவே மாட்டேங்கு. எனக்கு மட்டுமில்ல, பஜார்ல ஒருத்தருக்கும் தொறக்கல. எல்லாரும் போனை வச்சிக்கிட்டுக் கத்துதாவ."

விஜயகுமாரி நிமிர்ந்தாள். ஒருத்தருக்கும் இல்லையா? தான் அடைத்த எண் யாருடையதெனத் தேடிப் பார்த்தாள். முகவரிப் பஞ்சத்தால், தொலைபேசி நிறுவனம் ரங்கத் முழுவதையும் ஒற்றை முகவரிக்குப் பின்னால் வைத்திருந்தது. விதியை எழுதிய சென்னைக்கு ஒரு முகவரி என்றால் ஓர் ஆள். தீவில் அஃது ஊர்.

"நெல்சன், இது திருடன் இல்லப்பா. ரங்கத்!"

"அரே பாப்ரே! மொத்த ஊரையும் உள்ள தள்ளிட்டீங்களா அக்கா? நம்ம ஊர்ல ஜெயிலுக்கா பஞ்சம்?"

"ஃபில்டரை எடுத்துடாதே," என்றார் இன்னும் தொலைபேசியில் இருந்த ஸ்ரீதர். "நடுவுல நிஜமாவே எவனாவது புகுந்திருந்தா?"

"இருக்கலாம் சார். அதான் மூடவும் வேண்டாம், திறந்து விடவும் வேண்டாம். 'அடுத்த கதவுல வந்து கேளு'ன்னு சின்னதா ஒரு பதில் மட்டும் அனுப்பறேன்."

"வரலைன்னா?"

"நீங்க சொன்னபடியே மூடிடறேன்."

அந்த அடுத்த கதவில், கேட்பவனும் சொல்பவனும் முதலில் கைகுலுக்கிக்கொள்ள வேண்டும். பொய் முகவரிக்காரனால் அஃது இயலாது. நீட்டிய கை வேறெவனிடமோ போய்விடும். மெய்யாய்க் கேட்டவனுடைய கைப்பேசியோ தானாகவே திரும்பி வரும்.

விஜயகுமாரி கட்டளையைத் தட்டினாள். அடுத்த கதவுக்குரிய கோடு தரையோடு தரையாய்க் கிடந்தது.

முதலில் ஒரு தட்டல். பிறகு நாலைந்து. பிறகு ஊரே வந்தது. பேருந்து நிலையத்தில் நிற்போர், மீன் விற்போர், வயலை விட்டு வந்த வங்காளிக் குடியானவர்கள் என அத்தனை பேரும் ஒரே பெயரை, அந்தக் கப்பல் தளத்தின் பெயரைக் கேட்டு வந்துகொண்டேயிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கை நீண்டது. ஒவ்வொருவருக்கும் விடை போயிற்று. இத்தனை ஆண்டுகளாய் எண்களையே பார்த்துவந்த விஜயகுமாரி, எண்ணுக்குள் ஓர் ஊர் மூச்சுவிடுவதை அன்றுதான் கண்டாள்.

"அடேங்கப்பா," என்றார் ஸ்ரீதர், தம் திரையைப் பார்த்தபடி. "ஒரு முகவரியில இத்தனை பேரா?"

"ஆமா சார். விதியில எழுதிக்கலாமா? இது ஆள் இல்ல, ஊருன்னு."

"எழுதிக்கம்மா. எழுதிக்க."

நெல்சனின் கைப்பேசி மீண்டும் ஒலித்தது.

"அண்ணே, கெடைச்சிட்டு! நாளைக்கு வாறேன்!"

நெல்சன் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டான். ரோசலினுக்குப் பின்னால் பஜார் பல மொழிகளில் இரைந்துகொண்டிருந்தது. விஜயகுமாரி கைப்பேசியருகே குனிந்து, சற்றுமுன் தன் கதவைத் தட்டிய அந்தக் குரல்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.