குளியல் தொட்டியில் ஜெனரல்

மகளின் ஞானஸ்நான விருந்தில் எவாரிஸ்தோ ரம் கோப்பையோடு எழுந்து நின்றதுமே நெரெய்தா பரிமாறுவதை நிறுத்திவிட்டாள். நாலு பேர் கூடிவிட்டால் அவள் கணவனுக்கு வாய் நிற்காது. கரும்பாலையில் அவனுக்கு நல்ல பெயரே அதனால்தான்.

“ஜெனரல் குளிக்கப் போனாராம்...”

அவள் தெருக்கதவைப் பார்த்தாள். தீவை ஆளும் ஜெனரலின் படம் மாட்டாத வீடு அங்கே கிடையாது. அவர்கள் கூடத்திலும் மாதா படத்துக்கு மேலே அவர்தான் இருந்தார்.

“மெடலைக் கழட்டவே மாட்டேன்னுட்டாரு. கனம் தாங்காம தொட்டியிலயே முங்கிட்டாரு. சிப்பாய்ங்க ஓடி வந்தாங்க, விறைப்பா சல்யூட் அடிச்சாங்க. கையை இறக்குன்னு சொல்ல வேண்டியவரு தண்ணிக்கடியில! இன்னும் அப்படியே நிக்கிறானுங்களாம்!”

ஆலைக்காரர்கள் வெடித்துச் சிரித்தார்கள். பெண்கள் களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். அடுத்த வீட்டு வாத்தியார் தோள் மட்டும் குலுங்க, சத்தமே வராமல் சிரித்தார். குழந்தையின் ஞானத்தகப்பன் தெமெத்ரியோ மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு நகராட்சியில் வேலை.

“சரியா காதுல விழல மச்சான். இன்னொரு தடவை சொல்லேன்,” என்றான்.

எவாரிஸ்தோ உற்சாகமாக மறுபடி சொன்னான். இந்தத் தடவை தெமெத்ரியோ ஒருத்தன்தான் சிரித்தான். நிதானமாக, நெடுநேரம் சிரித்தான். பல்லெல்லாம் தெரிந்தது. கண் மட்டும் எவாரிஸ்தோவின் முகத்தை விட்டு நகரவில்லை. சட்டியில் ஆட்டுக்கறி பாதி மீதி இருக்கும்போதே வந்தவர்களுக்கெல்லாம் ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது.

“உன் அக்கா வீட்டுக்குப் போயிடு. இப்பவே கிளம்பு,” என்றாள் நெரெய்தா.

“பைத்தியமாடி உனக்கு? நம்ம பிள்ளையைக் கையில ஏந்தினவன் அவன். எப்படிச் சிரிச்சான், பாத்தேல்ல?”

“பாத்தேன். அதான் சொல்றேன்.”

அவன் போகவில்லை. அந்த வாரம் முழுக்க ஆலையில் அவன் வாயைத் திறந்தாலே பக்கத்தில் நின்றவர்கள் எந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை வாசலில் கறுப்புக் கார் நின்றது. இறங்கிய இருவரும் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார்கள். எவாரிஸ்தோ முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் வாய் கேட்கவில்லை.

“இவ்வளவு பெரிய காரா? எம் மாமியாரையே கூட்டிட்டுப் போகலாம் போலிருக்கே!”

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அதில் பொய்யே இல்லை. ஒரு கணம் நெரெய்தாவுக்கு நம்பிக்கைகூட வந்தது.

“நல்லா பேசறியேப்பா! வா, எங்க ஆளுங்களுக்கும் சொல்லு,” என்று ஒருவன் அவன் தோளில் கை போட்டான். கார் தெருமுனை திரும்பும்வரை உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

அந்த வருஷக் கரும்பு வெட்டு முடிந்து ஆலை மூடிய பிறகு எவாரிஸ்தோ தானே நடந்து வீடு வந்து சேர்ந்தான். எங்கே வைத்திருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றாமலே படுத்தான்.

மறுநாள் அடுப்படியில் நின்றபடி, “உப்பு தீர்ந்துபோச்சு,” என்றாள்.

எவாரிஸ்தோ சிரித்தான். அவள் வாய் மூடுவதற்குள் தொடங்கி, அவள் முகத்தையே பார்த்தபடி, போதுமா போதுமா என்று கேட்பதுபோல விடாமல் சிரித்தான். தொட்டிலில் குழந்தை வீறிட்டு அழுதது. அதற்கும் சிரித்தான்.

நெரெய்தா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் வாயை மெதுவாகத் தன் கையால் மூடினாள். உள்ளங்கைக்குள் அது இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.